மரக்காலும் நினைவகமும்

பொதிய மலையிலே பிறந்து, நெல்லைச் சீமையை வளப்படுத்திக் கடலிலே கலக்கின்ற தாமிரபரணி ஆற்றின் இரு கரைகளிலும் நெல் விளையத் தொடங்கிய நாள் தொட்டே, அந்நெல்லை அளக்கும் கணக்கும் உடன் வளர்ந்து வந்துள்ளது. கோடைமேலழகியான் அணை முதலாகத் திருவைகுண்டம் அணை ஈறாக உள்ள எட்டு அணைகளும் தண்ணீரைப் பகுத்துக் கொடுத்தன. விளைந்த நெல்லைப் பகுத்துக் கொடுத்தது மரக்கால். களத்திலே பொலி அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார். நெல்லைச் சீமையின் பழைய வழக்கப்படி 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை.

மாணவ நண்பர்களே, இந்தக் கோட்டைக் கணக்கை வைத்து ஒரு சிறு கற்பனை செய்து பார்ப்போம். ஒரு பண்ணைக்கு 500 கோட்டை நெல் வரப்போகிறது. அதனைக் கொட்டி வைக்க எத்தனை மரக்கால் கொள்ளும் களஞ்சியம் வேண்டும்? 500-ஐ 21-ஆல் பெருக்கினால் 10,500 மரக்கால். ஆயின் கணக்கப்பிள்ளையின் ஏட்டிலே ஓர் எண்ணுக்கு நான்கு கட்டங்களே உள்ளன. ஐந்தாவது இலக்கத்துக்கு இடமில்லை. ஆகவே முன்னால் நிற்கும் 1 உதிர்ந்துவிடுகிறது. ஏட்டில் 0500 என்று மட்டும் பதிகின்றது. தச்சர் அந்த ஏட்டைப் பார்க்கிறார். 500 மரக்காலுக்குக் களஞ்சியம் செய்துவிடுகிறார். பிறகு வண்டி வண்டியாக 500 கோட்டை நெல் வந்து இறங்குகிறது. இறக்குபவர்களோ கோட்டைகளை எண்ணிக் கொட்டுகிறார்களே தவிர, களஞ்சியத்தை எட்டிப் பார்ப்பதில்லை. நெல் வழிகிறது, அடுத்த அறைக்குள் புகுகிறது, அங்கே இருந்த பத்திரங்களையும் பாத்திரங்களையும் மூடிவிடுகிறது.

நெல் அளக்கும் எவரும் இப்படி ஏமாற மாட்டார். கண் முன்னே வழிகின்ற நெல்லைக் கண்டதும் கையை நிறுத்திவிடுவார். கணிப்பொறிக்கோ அத்தகைய கண் இல்லை. அதனால் இதே பிழை, உலகெங்கும் ஓடுகின்ற கணிப்பொறிகளின் உள்ளே பல முறை நிகழ்ந்திருக்கின்றது. அப்பிழையின் வரலாற்றையும், அதனை ஒழிக்க அறிஞர்கள் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலில் சில சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். கணிப்பொறியின் எல்லா நிரல்களுக்கும் அடியில் நின்று, நினைவகத்தையும் கருவிகளையும் ஆளுகின்ற முதன்மை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். 1991-ஆம் ஆண்டிலே, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்பது அத்தகைய ஒரு கெர்னல். பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிகளிலும், ஆண்டிராய்டுக் கைப்பேசிகளிலும் அதுவே இயங்குகின்றது. திரை, ஒலிபெருக்கி, வலையிணைப்பு முதலிய ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்குக் கெர்னலுக்கு ஒரு துணைநிரல் வேண்டும். அதுவே டிரைவர், தமிழில் இயக்கி எனலாம்.

இயக்கிக்கு வேலை செய்ய இடம் வேண்டும். "எனக்கு இத்தனை பைட் இடம் கொடு" என்று அது கெர்னலிடம் கேட்கும். அவ்வாறு கேட்பதற்குரிய செயற்கூற்றின் பெயர் கேமல்லாக். எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை எண்ணிக்கையை அளவால் பெருக்கிக் கண்டுகொள்ள வேண்டும். எண்ணிக்கை என்பது கோட்டை. ஒவ்வொன்றின் அளவு என்பது 21 மரக்கால். கணக்கு ஒன்றே, பொருள்தான் வேறு.

இனி, ஏட்டின் கட்டத்தைப் பார்ப்போம். 32 பிட் கணிப்பொறியிலே ஓர் எண்ணுக்குரிய கட்டத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் 4,294,967,295; அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதனோடு ஒன்றைக் கூட்டினால் கட்டம் மீண்டும் 0 காட்டும். ஓர் இயக்கி 16 பைட் அளவுள்ள பதிவுகளை வாங்கி வைப்பதாகக் கொள்வோம். எத்தனை பதிவுகள் என்பதைச் சொல்வது வெளியிலிருந்து வருகின்ற ஒரு நிரல். அந்நிரலை எழுதியவர் வஞ்சகராக இருந்து, 268,435,457 பதிவுகள் என்று சொல்லிவிடுகிறார் என்க. இதனை 16-ஆல் பெருக்கினால் உண்மையான விடை 4,294,967,312. கட்டத்திலோ 16 என்றுதான் பதியும். கெர்னலும் 16 பைட் இடத்தை ஒதுக்கி, "இதோ நீ கேட்ட இடம்" என்று கொடுத்துவிடும். ஒரே ஒரு பதிவுக்குரிய இடத்திலே இருபத்தாறு கோடிக்கு மேற்பட்ட பதிவுகளை எழுத இயக்கி தொடங்குகின்றது.

அடுத்து நிகழ்வது யாது? இரண்டாம் பதிவு முதற்கொண்டு எல்லாம் பிறருடைய இடத்திலே விழுகின்றன. சாதாரண நிரல் ஒன்று இவ்வாறு எல்லை மீறினால் பெரும்பாலும் அந்த நிரல் மட்டும் மாளும். கெர்னலுக்குள்ளே நடந்தாலோ, கணிப்பொறி முழுவதும் நின்றுபோகலாம். அதனினும் கொடிது ஒன்றுண்டு. பக்கத்து இடத்திலே யார் எதைச் செய்யலாம் என்னும் உரிமைக் குறிப்பு இருக்குமானால், வழிகின்ற பதிவைக் கொண்டே அக்குறிப்பை மாற்றி எழுதி, வந்தவர் வீட்டுக்காரராகிவிடலாம். உங்கள் கடிதங்கள், வங்கிக் கணக்கு, படங்கள் ஆகிய யாவும் அவர் கைக்குப் போய்விடும். ஒரு பெருக்கல் கணக்கிலே ஓர் இலக்கம் உதிர்ந்ததன் விளைவு இது.

இப்பிழைக்கு வேர் எங்கே உள்ளது? கெர்னல் எழுதப்படும் சி என்னும் நிரல்மொழி 1972-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்திலே டென்னிஸ் ரிச்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. குறியற்ற எண்களைப் பெருக்கும்போது விடை கட்டத்தை மிஞ்சினால், மிஞ்சியதை விட்டுவிட்டு எஞ்சியதை வைத்துக்கொள்வதே அம்மொழியின் விதி. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் அவ்விதி உதவிற்று. ஆயின் கேமல்லாக் போன்ற செயற்கூறுகள் ஒரே ஓர் எண்ணைத்தான் கேட்டன. பெருக்குவது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. பெருக்கி முடிந்து, இலக்கம் உதிர்ந்து போன பின்னரே அவ்வெண் கெர்னலின் கைக்கு வரும். 16 என்று வந்து நிற்கும் எண்ணைப் பார்த்து, அது உண்மையான 16-ஆ, உதிர்ந்து போன 16-ஆ என்று கெர்னல் எவ்வாறு அறியும்?

2002-ஆம் ஆண்டு இக்கேட்டை உலகறியச் செய்தது. தொலைவிலுள்ள கணிப்பொறிகளோடு பாதுகாப்பாகப் பேசுவதற்கென்றே அமைந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்னும் நிரலிலே அவ்வாண்டு ஜூன் மாதம் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. எதிர்முனையிலிருந்து எத்தனை விடைகள் வருகின்றன என்று ஓர் எண் வரும்; அதனை ஒரு முகவரியின் அளவால் பெருக்கி அந்நிரல் இடம் கேட்கும். 107 கோடிக்கு மேற்பட்ட ஓர் எண்ணை அனுப்பினால், 4-ஆல் பெருகும்போது கட்டம் 0-க்குத் திரும்பிவிடும். காவலுக்கு வைத்த கதவே திறந்து கிடந்தது. அதே ஆண்டிலே மற்றொரு செய்தியும் தெரியவந்தது. எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியே வாங்கிக்கொள்ளும் கல்லாக் என்னும் செயற்கூறு பழைய நாள் முதலே உண்டு. இரண்டையும் அறிந்திருந்தும், பல நூலகங்களிலே அச்செயற்கூறு உள்ளே பெருக்கும்போது விடை மிஞ்சுகின்றதா என்று பார்க்கவில்லை.

இதற்கு மாற்றாக ஒவ்வொருவரும் தத்தம் நிரலிலே வேலி அடைக்கத் தொடங்கினர். நெல்லுக்கு வேலியிட்ட கதையைக் கொண்டு பெயர் பெற்ற திருநெல்வேலியில் வாழும் நமக்கு வேலியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயின் வேலியை அடைத்தவர் கணக்கிலும் பிழை இருந்தால் என் செய்வது? லினக்ஸ் கெர்னலின் வலைப்பகுதியிலே நிகழ்ந்த ஒன்றை இதற்குச் சான்றாகச் சொல்லலாம்.

அங்கே எஸ்.சி.டி.பி. என்னும் செய்திப் போக்குவரத்து முறைக்குரிய பகுதியில், மறைகுறிச் சாவி ஒன்றை வைக்க இடம் கேட்கும் கணக்கு இருந்தது. சாவியின் நீளத்தோடு ஒரு தலைப்பின் அளவையும் கூட்டிக் கேட்க வேண்டும். கூட்டல் மிஞ்சிப்போகலாம் என்பதை 2008-ஆம் ஆண்டிலே கண்டு ஒரு வேலி அடைத்தனர். அதன் போக்கைச் சிறிய எண்களால் விளக்குகின்றேன். களஞ்சியத்தின் உச்ச அளவு 100. தலைப்புக்கு 8 வேண்டும். 100-இலிருந்து வருகின்ற நீளத்தைக் கழித்து, மீதி 8-க்குக் குறைந்தால் மறுத்துவிடு என்பதே அவ்வேலி. பார்வைக்குச் சரியாகவே தோன்றுகின்றது. ஆனால் வருகின்ற நீளம் 100-ஐ விடப் பெரிதாக இருந்தால்? மீதி எதிர்மறை எண் ஆக வேண்டும். குறியற்ற கட்டத்திலே எதிர்மறைக்கு இடமில்லை. அது சுழன்று மிகப் பெரிய நேர்மறை எண்ணாகிவிடும். பெரிய எண் 8-க்குக் குறையாதன்றோ? ஆகவே தடுக்க வேண்டியவரையே வேலி உள்ளே விட்டுவிட்டது.

2011-ஆம் ஆண்டிலே ஸீ வாங் என்னும் ஆராய்ச்சியாளர் அதனைத் திருத்தினார். திருத்தம் மிக எளியது. 100-இலிருந்து 8-ஐ முதலில் கழித்து 92 என்று வைத்துக்கொள். வருவது 92-ஐ மிஞ்சுகின்றதா என்று மட்டும் பார். நமக்குத் தெரிந்த இரண்டு எண்களைக் கொண்டு கணக்கை முடித்துவிட்டு, அந்நியர் தந்த எண்ணை ஒப்பிட மட்டும் பயன்படுத்துவது. இச்சிறு வேறுபாடு மூன்று ஆண்டுக் காலம் எவர் கண்ணுக்கும் படவில்லை.

இந்நிகழ்ச்சியை நான் வரலாற்றின் திருப்பமாகவே கருதுகின்றேன். அவ்வேலியை அமைத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். கேட்டை உணர்ந்து, அதனைத் தடுக்கவே முனைந்தவர்கள். அவர்களும் தவறினர் எனின், 'கவனமாக இரு' என்னும் அறிவுரை மட்டும் போதாது என்பது தெளிவாகின்றது. ஆயிரக்கணக்கானோர் தத்தம் கையாலே தனித்தனி வேலி அடைத்தால், சில வேலிகளில் ஓட்டை விழுவது திண்ணம்.

நம் முன்னோர் அளவைக் கணக்கிலே இச்சிக்கலை வேறு வகையாகத் தீர்த்தனர். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்னும் பெயர் பூண்ட மரக்கால் ஒன்று பேசப்படுகின்றது. கோயிலுக்கு வரும் நெல்லை அவரவர் வீட்டு மரக்காலால் அளக்கவில்லை. யாவரும் அறிந்த ஒரு பொது மரக்காலால் அளந்தனர். நம் காலத்திலும் 1956-ஆம் ஆண்டின் நிறை அளவைச் சட்டம் இந்திய நாடு முழுமைக்கும் ஒரே மெட்ரிக் அளவையைக் கொண்டுவந்தது. அளப்பவர் நல்லவரா என்று ஒவ்வொரு முறையும் ஆராய்வதைக் காட்டிலும், நல்ல அளவுகருவி ஒன்றைப் பொதுவில் வைப்பதே மேல் என்பது இவற்றின் பாடம்.

கெர்னல் எழுதுவோரும் இவ்வழிக்கே வந்து சேர்ந்தனர். 2012-ஆம் ஆண்டிலே ஸீ வாங்கும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அவர் தோழர்களும், எண் மிஞ்சும் பிழைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கிண்ட் என்னும் கருவியை வெளியிட்டனர். லினக்ஸ் கெர்னல் முதலியவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட பிழைகளை அக்கருவி காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டில், திரையில் படம் காட்டுகின்ற இன்டெல் ஐ915 இயக்கியிலும் இத்தகைய பெருக்கற் பிழை திருத்தப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த லினக்ஸ் 3.4-இல் கேமல்லாக் அர்ரே என்னும் புதிய செயற்கூறு இடம்பெற்றது. எண்ணிக்கையையும் அளவையும் அது தனித்தனியே வாங்கிக்கொள்ளும்; விடை மிஞ்சுமானால் இடம் கொடுக்க மறுக்கும். இவ்வாறு சரிபார்க்கின்ற கேகல்லாக் என்பது முன்னரே இருந்தது. ஆயின் அது கொடுக்கும் இடம் முழுவதையும் 0-ஆல் நிரப்பியே கொடுக்கும். அந்த வேலை வேண்டாம் என்று எண்ணியவர்கள் கையாலே பெருக்கினர். அவர்களுக்குச் சாக்கு இல்லாமற் செய்தது புதிய செயற்கூறு. 2014-ஆம் ஆண்டிலே ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் மற்றோர் இயங்குதளமும் ரீஅல்லாக் அர்ரே என்ற பெயரில் இதே கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

எனினும் ஒரு குறை எஞ்சியது. பல இயக்கிகளில் பதிவுகளுக்கு முன்னே ஒரு தலைப்பும் உண்டு. அங்கே பெருக்கலோடு கூட்டலும் வருகின்றது. 2018-ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 4.18-இல் ஸ்ட்ரக்ட் சைஸ் என்னும் கருவி அதற்காகச் சேர்க்கப்பட்டது. தலைப்பின் அளவு, ஒரு பதிவின் அளவு, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கொண்டு முழு அளவை அது கண்டு சொல்லும். விடை கட்டத்தை மிஞ்சினால் 0-க்குத் திரும்பாது. உச்ச எண்ணிலேயே நின்றுவிடும். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. அதற்குமேல் நீர் ஏறினால் முள் சுழன்று 0 காட்டுமாறு ஓர் அளவுகருவியை எவரேனும் பொருத்துவரோ? உச்சத்தைத் தொட்டதும் முள் அங்கேயே நிற்க வேண்டும். கண்டவர் விழித்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரக்ட் சைஸ் செய்வதும் அதுவே. உச்ச எண்ணளவு இடம் எந்தக் கணிப்பொறியிலும் இல்லையாதலால், கெர்னல் "இல்லை" என்று மறுத்துவிடும். குறைந்த இடம் கொடுத்து ஏமாற்றுவதினும் மறுத்துவிடுவது நன்று.

பழைய நிரலையெல்லாம் மாற்றுவது எளிதா? கீஸ் குக் முதலியோர் அப்பணியை மேற்கொண்டனர். பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய காக்சினெல் என்னும் கருவிக்கு, "கையாலே பெருக்கி இடம் கேட்கும் வரியைக் கண்டால் இவ்வாறு மாற்று" என்று விதி எழுதிக் கொடுத்து, நூற்றுக்கணக்கான கோப்புகளை 2018-இல் மாற்றினர். கையால் பெருக்கி இடம் கேட்பது கைவிட வேண்டிய வழக்கம் என்று கெர்னலின் ஆவணங்களிலும் பதிவாயிற்று.

பொதுக்கருவி வந்த பின்னும் சிந்தனைக்கு ஓய்வில்லை. உச்ச எண்ணில் நிற்கின்ற விடையோடு ஒருவர் கையால் ஒன்றைக் கூட்டினால், அது மீண்டும் 0 ஆகிவிடுமன்றோ? இதற்காக, கூட்டும்போதும் பெருக்கும்போதும் உச்சத்திலேயே நிற்கும் சைஸ் ஆட், சைஸ் மல் என்னும் துணைக்கருவிகள் 2022-இல் சேர்ந்தன. பதிவுகளின் எண்ணிக்கை எந்த உறுப்பிலே எழுதப்பட்டுள்ளது என்பதைத் தொகுப்பிக்கே தெரிவிக்கும் குறிப்பு 2023-இல் வந்தது. அதன் பயனாக, இடம் ஒதுக்கிய பின்னர் எல்லை மீறி எழுதுவதையும் ஓரளவு கண்டுபிடிக்க இயல்கின்றது.

"இக்காலக் கணிப்பொறிகள் 64 பிட் ஆயிற்றே, கட்டம் பெரிதாகிவிட்டதே, இனி ஏன் அஞ்ச வேண்டும்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. களஞ்சியம் பெரிதாயினும், கணக்கப்பிள்ளை பழைய நான்கு கட்ட ஏட்டிலே பெருக்கிவிட்டு, விடையைப் பெரிய ஏட்டிலே படியெடுத்தால் பயன் யாது? 32 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கினால் பெருக்கல் அச்சிறு கட்டத்திலேயே நடந்துவிடும். பிறகுதான் விடை பெரிய கட்டத்துக்குப் போகும். உதிர்ந்த இலக்கம் மீண்டும் வந்து ஒட்டாது. மேலும், வெளியிலிருந்து வரும் எண்ணே 64 பிட் ஆக இருந்தால், பெரிய கட்டத்தையும் நிரப்பி வழியச் செய்யும் எண்ணை அனுப்புவதில் வஞ்சகருக்கு வருத்தம் ஏதுமில்லை.

தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லூரிகளில் கணிப்பொறி பயிலும் மாணவ மாணவியர் பலர் நாளை இயக்கிகளை எழுதலாம். லினக்ஸின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. திருத்தம் அனுப்புவதற்கு நாடோ ஊரோ தடையில்லை. நீங்கள் எழுதும் ஒரு வரி, முகமறியாத பல லட்சம் பேருடைய கைப்பேசியிலே ஓடக்கூடும். ஆதலின் மூன்று வழக்கங்களை இன்றே பழகுங்கள். அந்நியர் தரும் எண்ணை நம்பிப் பெருக்காதீர்கள். முதலில் அதற்கு ஓர் உச்ச வரம்பு விதியுங்கள். எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியே பொதுக்கருவியிடம் ஒப்படையுங்கள். வேறொரு பொருளின் மரக்காலால் அளந்துவிடாமல், எதை வைக்கப் போகிறீர்களோ அதன் அளவையே கொடுங்கள். "இடம் இல்லை" என்ற விடை வந்தால் அதனைக் கவனித்துத் திரும்புங்கள். விடையைப் பாராமல் எழுதத் தொடங்கினால் இதுவரை சொன்ன காவல் அனைத்தும் வீணாகும்.

அறிஞர்களும் தவறிய கணக்கு இது. அவர்கள் தம் தவற்றை மறைக்கவில்லை, ஊரறியத் திருத்தினார்கள். திருத்தியதோடு நில்லாமல், பின் வருவோர் அதே தவற்றைச் செய்ய இயலாதபடி ஒரு பொது மரக்காலைச் செய்து வைத்தார்கள். அந்த மரக்காலை எடுத்துப் பயன்படுத்துவதும், அதில் தேய்மானம் கண்டால் சொல்வதும் இனி உங்கள் பணி.